முட்டை அட்டை



போன வாரம் நான் ஒரு பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை யாரோ ஒரு மாணவர் படம் எடுத்துப் பழைய மாணவர் குழுவில் போட்டுவிட்டார். "சார் ரிட்டயர் ஆனதும் பட்டறை ஆரம்பிச்சுட்டாரா?" என்று ஆளாளுக்குக் கிண்டல். இரண்டு பேர் மட்டும் அக்கறையாக "வண்டிக்கு என்னாச்சு சார்?" என்று கேட்டார்கள். கொல்லிமலையில் நடந்தது உறவுக்காரர்கள் சிலர் காதுக்கு அரைகுறையாகப் போயிருக்கிறது. ஆளுக்கொரு மாதிரி பேசிக்கொள்வதைவிட நானே முழுதாக எழுதிவிடுவது நல்லது. நீளமான பதிவு. ஒரு டீயைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் வெள்ளை பொலிரோவை உங்களில் பலருக்குத் தெரியும். 2007ஆம் வருட வண்டி. அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் செய்த மாடல்களை உடையாமல் கொண்டுபோனது அதில்தான். பொதுத்தேர்வு அன்று பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டில் அழுதுகொண்டு நின்ற இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனதும் அதில்தான். மகள் கல்யாணத்துக்கு வாழைத்தார் வந்ததும், என் அம்மாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அதே வண்டி. 2022இல் பதினைந்து வருடம் முடிந்தது. பசுமை வரி கட்டி, எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன்.

அன்றிலிருந்து ஓசூரில் இருக்கும் மகன் போன் செய்யும்போதெல்லாம் கடைசியில் ஒரு வரி சொல்வான். "அப்பா, வண்டியை வித்துடுங்கப்பா. எங்க போகணும்னாலும் ஒரு காரைப் புக் பண்ணிக்கலாம்." நானும் ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம்ப்பா" என்பேன். வாத்தியார் வேலையில் நாற்பது வருடம் கிட்டத்தட்ட தினமும் சொன்ன வார்த்தை அது. அர்த்தம் உங்களுக்குத் தெரியும்.

தை மாதம் ஒருநாள் காலையில் என் மனைவி வாசல் தெளிக்கப் போனவள் போர்டிகோவிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, உங்க வண்டி தரையை நனைச்சு வெச்சிருக்குது பாருங்க."

பின்பக்க இடது சக்கரத்துக்கு நேர் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. டயரின் உள்புறத்திலும் ஒழுகிய தடம். பிரேக் ஆயிலா, கிரவுன் ஆயிலா என்று முதலில் தெரியவேண்டும். பழைய புத்தி விடுமா? ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, குச்சியில் தொட்டு ஒரு சொட்டு விட்டேன். பிரேக் ஆயில் என்றால் தண்ணீரோடு கலந்துவிடும். இது கலக்காமல் மேலே மிதந்தது. மோந்து பார்த்தால் அழுகிய முட்டை மாதிரி ஒரு கந்தக வாடை. கியர் பற்களுக்கு நடுவே நசுங்கினாலும் படலம் அறுந்துபோகாமல் இருக்க அந்த எண்ணெயில் கந்தகச் சேர்மங்கள் சேர்ப்பார்கள். ஆகவே அது கிரவுன் ஆயில். பின் ஆக்ஸிலிலிருந்து வருகிறது.

ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். "ஆயில் சீல் போயிருக்குங்க" என்றார்கள். மாற்றச் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார்கள். நாற்பது நாள் தரை காய்ந்து கிடந்தது. பங்குனியில் மறுபடியும் அதே இடத்தில் அதே கறை.

பிள்ளைகளே, நான் சறுக்கியது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மறுபடி பட்டறைக்குப் போனால் மனைவிக்குத் தெரியும். மனைவிக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் மகனுக்குத் தெரியும். "போன மாசம்தானே மாத்துனீங்க? மறுபடியுமா? அப்ப வித்துடலாம்" என்பான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் நான் பட்டறைக்குப் போகவில்லை. முட்டை அட்டைக்குப் போனேன்.

நாமக்கல்லில் முட்டை அட்டைக்கா பஞ்சம்? காகிதக் கூழில் செய்தது, எண்ணெயைப் பஞ்சு மாதிரி இழுத்துக்கொள்ளும். ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு ஒரு அட்டையைச் சக்கரத்துக்கு உள்பக்கம் தள்ளி வைப்பேன். காலையில் மனைவி எழுவதற்கு முன்னால் எடுத்து மடித்துக் குப்பையில் போட்டுவிடுவேன். அட்டைக்கு முப்பது குழி. எந்தக் குழியில் எத்தனை சொட்டு என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன். அளவெடுப்பதில் ஒரு குறையும் இல்லை. சரிசெய்வதுதான் நடக்கவில்லை.

"கறையையே காணோமே, சரியாயிருச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"ஆச்சு" என்றேன்.

கோடை விடுமுறைக்கு ஈரோட்டிலிருந்து மகளும் பேத்தியும் வந்தார்கள். பேத்தி விடியற்காலையிலேயே எழுந்துவிடுகிற ரகம். இரண்டாம் நாளே என்னைக் கையும் அட்டையுமாகப் பிடித்துவிட்டாள். "இது என்ன அப்புச்சி?" என்றாள். "வண்டிக்குக் கொஞ்சம் சளி பிடிச்சிருக்குது, கண்ணு. அம்மாகிட்டச் சொல்லிடாதே" என்றேன். அவளுக்கு ஒரே குஷி. அதன்பிறகு தினமும் காலையில் அட்டையை எடுப்பது அவள் வேலையாகிவிட்டது. ஒன்பது வயதுக் குழந்தையை ஒரு பொய்க்குக் கூட்டாளி ஆக்கியிருக்கிறேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வைகாசியில் எல்லோரும் கொல்லிமலை போகலாம் என்று மகள் ஆசைப்பட்டாள். அறப்பளீஸ்வரர் கோயில், சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் அன்னாசியும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று திட்டம். இருட்டுவதற்குள் என்று சொன்னது நான்தான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதல்நாள் கிரவுன் ஆயில் மட்டத்தைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றினேன். ஆயில் இருக்கிறது, கியர் கெடாது, பிறகென்ன என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கசிகிற ஆயில் தரைக்கு வருவதற்கு முன்னால் எதன்மேல் பட்டு வருகிறது என்பதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். யோசித்தேன். யோசனையை நிறுத்திக்கொண்டேன்.

காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது, எப்போதும் செய்கிற மாதிரி, இரண்டாம் கியரிலேயே வந்தேன். நாற்பது சொச்சம் வளைவில் பிரேக்கை அழுத்தினேன். வண்டி வலப்பக்கம் இழுத்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்துச் சரிசெய்துகொண்டேன். அடுத்த வளைவில் இன்னும் அழுத்தவேண்டியிருந்தது, இன்னும் அதிகமாக இழுத்தது. கந்தக வாடையோடு ஏதோ கருகுகிற வாடையும் சேர்ந்து வந்தது. அந்த வளைவைத் திரும்பும்போது எதிரே ஒரு மினி பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. வண்டி அதை நோக்கிப் போகிறது. முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, இடப்பக்கம் ஒடித்து மலைச்சரிவை ஒட்டி இருந்த மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக ஏதோ சொல்லிக்கொண்டே போனார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தகும்.

மனைவி சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். பேத்தியும் இறங்கினாள். பின் சக்கரத்தடியில் குனிந்து பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டாள்.

"அப்புச்சி, இங்கயும் சொட்டுது. அட்டை எடுத்துட்டு வரலையா?"

மகள் என்னைப் பார்த்தாள். "என்ன அட்டை?" என்றாள். சொன்னேன். "எத்தனை நாளா?" "ரெண்டு மாசமா." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, "என் பிள்ளையை உட்கார வெச்சுக்கிட்டாங்ப்பா?" என்றாள்.

நாற்பது வருடத்தில் ஹெட்மாஸ்டர், சி.இ.ஓ., இன்ஸ்பெக்ஷன் என்று யார் யாரிடமோ பேச்சு வாங்கியிருக்கிறேன். எதுவும் இப்படி இறங்கியதில்லை.

மற்றவர்களை அந்த வழியில் வந்த ஒரு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, பிரேக் ஆறுகிறவரை காத்திருந்து, முதல் கியரில் நத்தை மாதிரி நான் மட்டும் காரவள்ளிக்கு வந்து சேர்ந்தேன். ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சேந்தமங்கலம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். "எங்க அக்கா உங்ககிட்டத்தான் படிச்சாங்க சார்" என்றார். அவர் என்னிடம் படிக்கவில்லை. அது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. அங்கேயே இடது பின் டிரம்மைக் கழற்றி, கிடந்த எண்ணெயைத் துடைத்து மாட்டிவிட்டு, முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் பட்டறைவரை அவரே ஓட்டி வந்தார்.

அதன்பிறகு அவர் செய்ததைத்தான் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் எதையும் கழற்றவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வந்த சூட்டோடு சூடாக டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றுகிற இடத்தின் போல்ட்டைத் தளர்த்தினார். 'உஸ்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் ஆயில் அவர் கையில் தெறித்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது உஸ்ஸுன்னு சொல்லக்கூடாதுங்களே சார்" என்றார்.

அப்போதைக்கு வேறொன்றும் சொல்லவில்லை. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இருபக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்து அதன்மேல் இறக்கினார். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், பிள்ளைகளே. ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றினார். உள்ளே பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. பிரேக் ஷூ இரண்டும் எண்ணெயில் ஊறிய அப்பளம் மாதிரி பளபளத்தன. லைனர் தூளும் ஆயிலும் குழைந்து கறுப்பு மை மாதிரி அப்பியிருந்தது. இடப்பக்கம் பிரேக் பிடிக்கவில்லை, வலப்பக்கம் பிடித்தது. வண்டி வலப்பக்கம் இழுக்காமல் என்ன செய்யும்? என் முட்டை அட்டையில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் அந்த லைனரைத் தொட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது.

"பெட்ரோல்ல கழுவிக் காயவெச்சு மாட்டலாமா?" என்று கேட்டேன்.

"மேல காஞ்ச மாதிரி தெரியும் சார். பிரேக் சூடானா உள்ள ஊறுனது வேர்வை மாதிரி வெளிய வரும். மாத்தித்தான் ஆகணும். அதுவும் ரெண்டு பக்கமும் ஜோடியா."

பிறகு பிளேட்டுக்குப் பின்னால் இருந்த நட்டுகளைக் கழற்றி ஆக்ஸிலை இழுத்தார். வரவில்லை. கழற்றிய டிரம்மையே தலைகீழாகத் திருப்பி, நட்டைத் தளர்வாக மாட்டி, அதையே சுத்தியல் மாதிரி வெளிப்பக்கம் நாலு இழுப்பு இழுத்தார். ஆக்ஸில் பேரிங்கோடு வெளியே வந்தது. நிலைமம் பாடம் நடத்தும்போது இந்த உதாரணம் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

சீலை எடுத்துப் பார்த்தார். போன தடவை போட்ட புது சீல்தான். உதடு கிழியவில்லை. ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்து, சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. அந்தப் பட்டறைக்காரர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். அடுத்து, சீல் உரசுகிற இடத்தில் ஆக்ஸிலை நகத்தால் வருடிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். "இந்த இடத்துல பள்ளம் விழுந்து நகம் மாட்டுச்சுன்னா, எத்தனை சீல் மாத்தினாலும் நிக்காது சார்." மாட்டவில்லை. வழுவழுவென்று இருந்தது. பேரிங்கில் மட்டும் லேசான ஆட்டம்.

"சீல் நல்லா இருக்குது. ஆக்ஸில் நல்லா இருக்குது. அப்புறம் ஏன் சார் ஒழுகுது?" என்று என்னைக் கேட்டார். வாத்தியாரைக் கேள்வி கேட்கிற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. நான் முழித்தேன்.

வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல்பக்கத்தைக் காட்டினார். அங்கே காளான் மொட்டு மாதிரி ஒரு சின்ன மூடி இருக்கவேண்டும். பிரீதர் என்பார்கள். ஆக்ஸிலுக்குள் இருக்கும் காற்று வெளியே போய்வர அதுதான் வழி. என் வண்டியில் மூடி தெரியவில்லை. கறுப்பாக ஒரு மேடு மட்டும் இருந்தது.

"அடியில கோட்டிங் அடிச்சீங்களா சார்?"

அடித்தேன். போன புரட்டாசியில், மழைக்கு முன்னால். வண்டி இன்னும் பத்து வருடம் துருப்பிடிக்காமல் இருக்கவேண்டும் என்று அடிப்பக்கம் முழுக்கத் தார் மாதிரி கறுப்புக் கோட்டிங் அடிக்கச் சொன்னேன். அடித்த பையன்மேல் தப்பே இல்லை. "ஒரு இடம் விடாம அடிப்பா" என்று பக்கத்தில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தவன் நான்தான். வண்டிமேல் இருந்த பிரியத்தில் அதன் மூக்கை அடைத்திருக்கிறேன்.

இப்போது பதினொன்றாம் வகுப்புக்கு வாருங்கள். மூடிய பாத்திரத்தில் பருமன் மாறாதபோது காற்றின் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். குக்கரை உதாரணம் காட்டி எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! காலையில் ஆக்ஸிலுக்குள் காற்று 30 டிகிரி செல்சியஸ், அதாவது 303 கெல்வின் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலை ஏறி இறங்கி 80 டிகிரி ஆகிறது, 353 கெல்வின். 353ஐ 303ஆல் வகுத்தால் சுமார் 1.165. உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. டயர்க் கணக்கில் சொன்னால் சதுர அங்குலத்துக்கு இரண்டரைப் பவுண்டுகூட வராது. ஆனால் ஆயில் சீல் என்பது தெறிக்கிற எண்ணெயைத் தடுக்கத்தான், அழுத்தத்தைத் தாங்க அல்ல. மூக்கை அடைத்தால் காற்று வேறு வழி தேடும். போகும்போது எண்ணெயையும் தள்ளிக்கொண்டு போகும். எந்தப் புது சீல் போட்டாலும் இதுதான் நடந்திருக்கும். என் போர்டிகோ இடப்பக்கம் சற்றுச் சரிவு என்பதால் இடப்பக்கம் முதலில் ஒழுகியிருக்கிறது. வலது டிரம்மைக் கழற்றியபோது அங்கேயும் ஈரம் தட்ட ஆரம்பித்திருந்தது.

விடைத்தாளில் இந்த விதியை எழுதாதவர்களுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்ததே இல்லை. இந்தக் கணக்கில் எனக்கு என்ன மதிப்பெண் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை இரண்டு நாள் நடந்தது. பேரிங்கைப் பிடித்திருக்கிற காலரை வெட்டி எடுத்து, லேத் பட்டறையில் புதுப் பேரிங்கையும் புதுக் காலரையும் பிரஸ்ஸில் ஏற்றினார்கள். பழைய காலரை மறுபடி போடக்கூடாதாம். பிடிப்பு இருக்காது. இரண்டு பக்கமும் புது சீல், உதட்டில் கிரீஸ் தடவி, கோணாமல் சமமாகத் தட்டி உட்கார வைத்தார். டிரம்மைச் சுத்தமாகக் கழுவி, நான்கு சக்கரத்துக்கும் பார்த்து, பின்பக்கம் இரண்டுக்கும் புது பிரேக் ஷூ. பிரீதரைக் கழற்றிப் புதியது மாட்டி, அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். கடைசியில் வண்டியைச் சமதரையில் வைத்து, ஊற்றுகிற ஓட்டையின் விளிம்பில் வழிய ஆரம்பிக்கிறவரை கிரவுன் ஆயில். அதற்குமேல் திணிக்கக்கூடாது. அதிகமானாலும் ஒழுகும். மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. அந்தப் பில்லில் மிகக் குறைந்த தொகை பிரீதருக்குத்தான். நூறு ரூபாய்கூட இல்லை.

அன்று ராத்திரி மகனுக்கு நானே போன் செய்தேன். அட்டை முதல் மினி பஸ் வரை ஒன்று விடாமல் சொன்னேன். "வித்துடுங்க" என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி பண்ணியாச்சாப்பா? பிரேக் நல்லாப் பிடிக்குதா?" என்றான். "பிடிக்குது" என்றேன். "அடுத்த தடவை ஒரு சொட்டு விழுந்தாலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. திட்டமாட்டேன்" என்றான்.

இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தா இரண்டு மாதம் முட்டை அட்டை மடித்தேன்?

இனி, இருட்டுவதற்குள் திரும்பவேண்டும் என்றேனே, அந்தக் காரணம்.

வேலை முடிந்த அன்று பொழுது சாய்ந்துவிட்டது. "ஓட்டிப் பாருங்க சார்" என்று தம்பி சாவியை நீட்டினார். "நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உட்கார்றேன்" என்றேன். போகிற வழியில் எதிர் வண்டி வெளிச்சம் விழுந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் போலிருக்கிறது. "சார், கண்ணு எப்பப் பார்த்தீங்க?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் விடவில்லை. "எங்கப்பாவும் இப்படித்தான் சார். சாயங்காலமானா வண்டியை எடுக்கமாட்டாரு. கேட்டா ஏதாவது ஒரு சாக்குச் சொல்வாரு."

தீபாவளி சமயத்திலிருந்தே எதிர் வெளிச்சம் எனக்குப் பூ மாதிரி விரிந்து தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. இருட்டில் ஓட்டாமல் சமாளித்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு முட்டை அட்டைதான்.

மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, இடது கண்ணில் ஆரம்பம் என்றார்கள். வலது கண்ணுக்கு ஆனி மாதம் ஆபரேஷன் தேதி கொடுத்திருக்கிறார்கள். மகன், மகள் இருவருக்கும் சொல்லியாகிவிட்டது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம் என்று உறவுகள் யாரும் கோபித்துக்கொள்ளவேண்டாம். சின்ன ஆபரேஷன்தான். யாரும் பழக்கூடையோடு கிளம்பி வரவேண்டாம்.

என் வயதுக்காரர்களுக்கு: மூட்டு வலி, தலைசுற்றல், மறதி, கண் மங்கல் என்று நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றின் கீழே அட்டை வைத்திருக்கிறோம். பிள்ளைகள் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள், தனியாக இருக்க விடமாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் கறை தரையில் தெரியவில்லை என்பதற்காகக் கசிவு நின்றதாக அர்த்தமில்லை.

என் மாணவர்களுக்கு: உங்களில் பலருக்கு இப்போது வயதான அப்பா, அம்மா இருக்கிறார்கள். அவர்கள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். முதலில் கேளுங்கள். மூச்சுவிட ஒரு வழி இருந்தால் சீல் தாங்கும். அப்புறம், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த தடவை சர்வீஸுக்கு விடும்போது பின் ஆக்ஸில் பிரீதரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சேற்றிலும் கோட்டிங்கிலும் அடைத்துக்கொள்ளும். சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிந்தால், எந்த ஆயிலாக இருந்தாலும், அன்றைக்கே பிரேக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பேத்தி ஈரோட்டுக்குக் கிளம்புகிற அன்று காலையில் எழுந்து வழக்கம்போல் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. "அப்புச்சி, வண்டிக்குச் சளி போயிருச்சு!" என்று வீடே எழுந்திருக்கிற மாதிரி கத்தினாள். மகள் சிரித்தாள். மலையிலிருந்து இறங்கிய பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

வண்டி நன்றாக இருக்கிறது. விற்கவில்லை. ஆபரேஷன் முடிந்து டாக்டர் ஓட்டலாம் என்று சொல்கிறவரை சாவி என் மனைவியின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும். நானாகத்தான் கொடுத்தேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்

பி.கு.: படம் எடுத்துப் போட்ட மாணவருக்கு. அடுத்த தடவை எடுக்குமுன் ஒரு வார்த்தை சொல்லவும். கிரீஸ் படாத சட்டை ஒன்று வீட்டில் இருக்கிறது.